தோள் மாற்றும் இடம்

கிளாரினெட்டுக்கு எந்த மைக் நல்லது என்று, ஒலிப்பதிவு பழகும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டீர்கள். கையில் ஒரு கம்பெனியின் பளபளப்பான கேட்டலாக் வேறு. நான் பெயரைச் சொன்னால் அதில் டிக் அடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. நான் பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கிழவிக்கு ரிட்டயர் ஆன பிறகும் திமிர் குறையவில்லை என்று வாசலில் நீங்கள் பேசிக்கொண்டதும் கேட்டது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணுகளா.

புத்தகத்தில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளாரினெட்டின் சத்தம் அடிவாயிலிருந்து மட்டும் வருவதில்லை. விரல் வைக்கும் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. அடிவாய்க்கு நேரே மைக்கை நீட்டினால் கீழ் ஸ்வரம் முழங்கும், மற்றதெல்லாம் பக்கத்து வீட்டில் வாசிப்பது போல இருக்கும். கொஞ்சம் தள்ளி, நடுப்பாகத்தைப் பார்த்து வையுங்கள். இதைத் தெரிந்துகொள்ள நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது, தள்ளி வைத்த பிறகும் தீராத ஒரு சங்கடத்தைப் பற்றி.

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தேன். திருச்சபைக்காரர்கள் நடத்தியது. தமிழில் நிகழ்ச்சி தயாரித்து, டேப்பை வெளிநாட்டுச் சிற்றலை வானொலி ஒன்றுக்கு அனுப்புவோம். அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன், அதனால் இங்கேயும் எல்லோருக்கும் நான் ‘மிஸ்’தான். கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சுவரில் சணல் சாக்கு அடித்த ஒரு அறை. எலெக்ட்ரிக் ரயில் எப்போது வரும், மீனம்பாக்கத்தில் விமானம் எப்போது இறங்கும் என்று தெரியாதவர்கள் அங்கே ஒரு பாட்டைக்கூட முழுசாகப் பதிவு செய்ய முடியாது.

எங்களிடம் இருந்தது ஒரே டேப் மெஷின், மூன்றே மைக். ஒன்று டைனமிக். கீழே போட்டாலும் துடைத்துவிட்டு வேலை செய்யும், பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டாவது கண்டென்ஸர். அது நாத்தனார் ஜாதி, ஒன்றையும் மறைக்காது. வாசிப்பவர் எச்சில் விழுங்கினாலும் ஊருக்குச் சொல்லிவிடும். மூன்றாவது ரிப்பன் மைக், யாரோ வெள்ளைக்காரப் புண்ணியவான் அன்பளிப்பாகக் கொடுத்தது. கனம் என்றால் அப்படி ஒரு கனம். உள்ளே இருக்கும் தகடு மெல்லியது, யாராவது நேரே ஊதினால் போச்சு. தலையணை உறை போட்டு மூடி வைத்திருப்போம். ஆனால் அதன் வழியாகக் கேட்டால் எல்லாமே பத்துப் படி உயர்ந்துவிடும். கீ தட்டும் ஓசை, மூச்சின் கரகரப்பு எல்லாம் அடங்கி, பாட்டு மட்டும் வெண்ணெய் போல வரும்.

பல்லாவரத்தில் தேவசகாயம் என்று ஒரு மாஸ்டர் இருந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் பேண்டு செட்டின் தலைவர். அந்தச் செட்டில் பாட்டைச் சொல்வது அவருடைய கிளாரினெட்தான், டிரம்பெட்டும் டிரம்மும் அதன் பின்னால் போகும். கிறிஸ்தவர் வீட்டு அடக்கம் என்றால் மூவரசம்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் அவரைத்தான் தேடுவார்கள். ஒரு தவசு காலத்துக்கு, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளுக்கு, அடக்கப் பாட்டுகளைக் கிளாரினெட்டில் மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். ரிப்பன் மைக்தான் வைத்தோம். எடிட்டிங் மேசையில் இருந்தவர் பிளேடு வேலையில் கெட்டிக்காரர். மாஸ்டர் மூச்சு வாங்கும் இடங்களையெல்லாம் நறுக்கி எடுத்து, மிச்சத்தை ஒட்டு தெரியாமல் ஒட்டிவிட்டார். பிரசங்க டேப்பில் இருமலை நறுக்குவோமே, அது போலத்தான். யாரும் அவரைச் செய்யச் சொல்லவும் இல்லை, செய்தது பிழை என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

மாஸ்டர் வந்து கேட்டார். கேட்டு முடிந்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“நான்தானா மிஸ் இது? யாரோ பரலோகத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு.”

டைரக்டரும் அப்படித்தான் சொன்னார். டைரக்டர் என்றால் கூடத்தை நடத்திய போதகர், நல்ல மனிதர். அந்த டேப்பை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினார்.

அடுத்த வருஷம் மாஸ்டருக்கு இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்ததில் காசநோய் என்றார்கள். எங்கள் பக்கத்தில்தான் அதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறதே, சேர்த்துவிட்டார்கள். மாதக்கணக்கில் ஊசியும் மாத்திரையும். கிருமி போய்விட்டது, ஆனால் ஒரு பக்க நுரையீரல் தேறாது, அறுத்து எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுத்த பிறகு கிளாரினெட்டை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார்.

செட்டில் இரண்டாவது கிளாரினெட் ஏகாம்பரம், கீழ்க்கட்டளைக்காரர். மாஸ்டருக்கு ஏறத்தாழ ஒத்த வயது. இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மாஸ்டர் பாட்டை வாசிக்க, இவர் கீழே ஒத்துப் பிடிப்பார். தனக்கு மூச்சு முட்டும்போது வாயை எடுத்துக்கொள்வார், மேலே மாஸ்டரின் வாசிப்பு ஓடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் தெரியாது. ஆக, இத்தனை வருஷம் கூடவே நடந்தும், பாட்டை முன்னால் நின்று தனியாகக் கொண்டுபோக வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. இப்போது வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் கிளாரினெட் ஊதிப் பாடம் கேட்க முடியாது. செட்டில் யாருக்கும் நோட்டேஷன் தெரியாது. எங்கள் கூடத்துக்கு வந்து அந்தத் தவசு கால டேப்பைப் போடச் சொல்லிக் கேட்டார். திரும்பத் திரும்ப வந்து கேட்டார். கெட்டிக்காரர், அப்படியே பிடித்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் காலையில் கூடத்துக்குள் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“இன்னா மிஸ்ஸு டேப்பு இது? மன்சன் மூச்சே வுடாம எப்டி ஊதுவான்? அவுரு இன்னா மீனா?”

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. முந்தின நாள் பல்லாவரத்தில் ஒரு வாலிபனின் அடக்கம். பெட்டியைத் தூக்கியவர்கள் அவனுடைய கூட்டாளிகள், அதற்கு முன் பெட்டி தூக்கிப் பழக்கமில்லாத பிள்ளைகள். ஏகாம்பரம் டேப்பில் கேட்டபடியே வாசித்துக்கொண்டு முன்னால் போயிருக்கிறார். பாதிப் பாட்டில் மூச்சு தீர்ந்து, இருமி, வாயை எடுத்துவிட்டார். அதற்குள் பின்னால் இருந்த பிள்ளைகள் கை தளர்ந்து, ஒருவன் தோளை மாற்றப் போக மற்றவன் மாற்றாமல் நிற்க, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. யாரோ ஓடிவந்து தாங்கியதால் விழவில்லை. ஆனால் பையனின் அப்பா அதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் நடு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தோள் மாத்த எடமே இல்லாம போய்க்கினே கீது அந்தப் பாட்டு,” என்றார் ஏகாம்பரம். “மாஸ்டர் வாசிச்சா அங்கங்க நிப்பாரு. டிரம்மு உருட்டும். அந்த நேரத்துல தூக்கறவங்க தோள் மாத்திப்பாங்க. அவுரு நின்னா நானும் நின்னுடுவேன், எங்க நிப்பாருன்னு எனக்கு இப்போ தெரியல மிஸ். டேப்புல இல்ல.”

நான் அந்த டேப்பைப் போட்டு, கூடவே மெல்ல முனகிப் பார்த்தேன். இரண்டாவது அடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் அழகு என்று கொண்டாடிய டேப், வாசிக்கவே முடியாத ஒரு பாட்டு. நறுக்கிய துண்டுகள் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தன.

அந்தச் செட்டில் இருந்தவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. கல்யாணம் சில மாதம்தான், வருஷம் முழுக்கச் சோறு போட்டது அடக்கந்தான். பெட்டியைச் சாய்த்த செட் என்று பேர் வந்துவிட்டது, அடுத்த சாவுக்கு வேறு செட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னும் இரண்டு சாவு இப்படிப் போனால் ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவார்கள் என்றார் ஏகாம்பரம். சொல்லிவிட்டு அப்போதுதான் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

மாஸ்டரையே மறுபடி வாசிக்க வைத்து, இந்தத் தடவை மூச்சோடு பதிவு செய்யலாம் என்று டைரக்டர் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் பேசினார். ஆபரேஷனுக்கு முன் ஒரு மத்தியானம் மாஸ்டரை வெளியே அனுப்ப டாக்டர் ஒத்துக்கொண்டார். ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு தடவை. சரிபார்க்க, சத்தம் பார்க்க என்று இன்னொரு தடவை ஊதச் சொல்லக்கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். வாசித்துப் பார்க்கச் சொல்ல முடியாத ஒருவருக்கு எந்த மைக்கை வைப்பீர்கள்?

நான் காலையிலேயே கண்டென்ஸரை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். மூச்சு வேண்டும், அது எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு அதைவிட நல்ல மைக் இல்லை. டைரக்டர் உள்ளே வந்து அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

“ரிப்பனை வைக்கலாமே அம்மா.”

“மூச்சு கேக்காது ஐயா.”

“அதுக்குத்தான் சொல்றேன். இந்த மனுஷன் இனிமே வாசிக்கப்போறது இல்லை. அவர் கடைசியா வாசிச்சதுல இளைப்புச் சத்தமா கேக்கணும்? அவர் பிள்ளைங்க நாளைக்கு அதையா கேக்கணும்?”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே மாஸ்டர் வந்து சேர்ந்தார். சட்டை தோளில் தொங்கியது. கிளாரினெட் பெட்டியை ஏகாம்பரம் தூக்கி வந்தார். மாஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “அந்தப் பெரிய மைக்கையே வெச்சிடுங்க மிஸ். போன தடவை மாதிரி.”

ஆக, மைக் விஷயத்தில் டைரக்டரும் வாசிப்பவரும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நானும், சுவரோரம் நின்ற ஏகாம்பரமும். நான் கண்டென்ஸரை எடுக்கவில்லை. பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். இரண்டையும் வைத்துக் கலந்துவிடலாமே என்று உங்களில் ஒரு புத்திசாலி கேட்பார். ஒரே டிராக், தம்பி. கலந்தால் கலந்ததுதான், உப்பைப் போட்ட பிறகு குழம்பிலிருந்து எடுக்க முடியாது.

ரயில் போகும்வரை காத்திருந்து மெஷினைப் போட்டேன். மாஸ்டர் கிளாரினெட்டை எடுத்தார். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடக்கத் தொடங்கினார், தோளில் பெட்டி இருப்பது போல. முதல் அடி வந்தது. என் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது அடியின் நடுவில் மாஸ்டர் மூச்சு வாங்கினார். ஏகாம்பரத்தின் கால் நின்றது. அடுத்த சொல்லுக்குள் இன்னொரு மூச்சு. ஏகாம்பரம் கண்ணைத் திறந்தார்.

“மச்சான், இங்கியா தோள் மாத்தறது?”

மாஸ்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு, “இல்லடா,” என்றார். “இது சீக்கு எடுக்கற மூச்சு. இதை வெச்சு நீ நடந்தா, வார்த்தைக்கு வார்த்தை பொணத்தை நிறுத்துவே.”

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. போன டேப்பில் மூச்சே இல்லை. இந்த டேப்பில் மூச்சு இருக்கும், ஆனால் அத்தனையும் தப்பான இடத்தில் இருக்கும். நான் அத்தனை பிடிவாதமாக வைத்த மைக், அந்தத் தப்பை ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கும். மெஷினை நிறுத்தினேன்.

மாஸ்டர் கிளாரினெட்டை மடியில் வைத்துத் துணியால் துடைத்தார். அதைத் துடைக்கத் தேவையே இல்லை. பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

“உன் கிளாரினெட்டை எடு. நீ ஊது. நான் சொல்றேன்.”

“நீ வாசிக்கலியா?”

“ஒரு பாட்டுன்னுதான டாக்டர் சொன்னார். அடக்கத்துக்கு ஒரு பாட்டா இருக்கு? சொல்றதுன்னா எல்லாத்தையும் சொல்லிடலாம்.”

டைரக்டர் பதறிவிட்டார். “மாஸ்டர், அப்போ நீங்க வாசிக்கறது நமக்கு எப்போதான் கிடைக்கும்?” என்றார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு விட்டுவிட்டார்.

அடுத்த ரயிலுக்குள் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. கண்டென்ஸரை எடுத்தேன். தலையணை உறையைக் கழற்றி ரிப்பனை ஏற்றினேன். ரிப்பன் மைக்குக்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் காது உண்டு, பக்கவாட்டில் கேட்காது. ஒரு பக்கம் ஏகாம்பரத்தை நன்றாகத் தள்ளி நிற்க வைத்தேன், கிளாரினெட் உரத்து வரும். மறுபக்கம், கிட்டத்தில், மூச்சுக்காற்று தகட்டில் நேரே படாதபடி சற்று ஒதுக்கி நாற்காலி போட்டு மாஸ்டரை உட்கார வைத்தேன். அவர் குரலை உயர்த்தக்கூடாது, உயர்த்தவும் தெம்பில்லை. எங்கள் கூடத்திலேயே உயர்ந்த மைக்குக்குக் கிட்டத்து இடம், கிளாரினெட் பதிவில், கிளாரினெட் வாசிக்காதவருக்குப் போனது.

ஏகாம்பரம் வாசித்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரே சொல் சொன்னார்.

“தோள்.”

வாசிப்பு நிற்கும். மாஸ்டரின் விரல் தொடையில் டிரம் உருட்டும். பிறகு தொடரும். “தோள்.” சில இடத்தில், “இப்போ வேண்டாம், இழு, இழு... தோள்.” ஏகாம்பரம் தப்பான இடத்தில் நின்றால், “பெட்டியைப் போட்டுட்டே,” என்பார், கோபமே இல்லாமல். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது. ரயில் வந்தால் நிறுத்தினோம், போனதும் தொடர்ந்தோம். சாயங்காலம் வண்டி வந்து நிற்கும்போது அவருக்குத் தெரிந்த அடக்கப் பாட்டெல்லாம் டேப்பில் இருந்தது. அதில் அவர் வாசித்தது என்று இருந்தது அந்த ஒன்றரை அடிதான். போகும்போது அதையும் அழிக்கச் சொன்னார். அழித்தேன். என் கையால் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் வலித்த வேலை அதுதான்.

அந்த டேப்பை எந்த வானொலிக்கும் அனுப்ப முடியாது. யாருக்கும் போட்டுக்காட்டி மெச்சிக்கொள்ளவும் முடியாது. ஆனால் கிளாரினெட்டுக்கு எந்த மைக் என்று யாராவது கேட்டால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. வாத்தியத்தைப் பார்த்து மைக்கை எடுக்காதீர்கள். அந்த டேப்பை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர் அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். கேட்ட பிறகும் ஒரு தடவை தப்பாக வைப்பீர்கள். தப்பு என்று தெரிந்த நிமிஷம், எல்லோர் முன்னாலும், ஸ்டாண்டிலிருந்து கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். அது கேட்டலாக்கில் வராது.

மாஸ்டர் பிழைத்துக்கொண்டார். ஒரு பக்க நுரையீரலோடு, மெல்ல மெல்ல நடமாடினார். அடுத்த வருஷம் பல்லாவரத்தில் ஒரு டீச்சரம்மாவின் அடக்கம். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் நான் போயிருந்தேன். செட் திரும்ப எழுந்து நின்றுவிட்ட காலம் அது. ஏகாம்பரம் முன்னால் வாசித்துக்கொண்டு போனார். மாஸ்டர் வெள்ளை வேட்டி சட்டையில் என் பக்கத்தில் நடந்து வந்தார். ஒவ்வொரு இடம் வரும்போதும் அவர் உதடு மட்டும் அசைந்தது. சொன்ன இடத்தில் வாசிப்பு நின்றது, டிரம் உருண்டது, பெட்டி ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு அலுங்காமல் மாறியது.

ரோடு மேடாக ஏறும் இடத்தில் மாஸ்டரின் உதடு அசைந்தது, ஆனால் ஏகாம்பரம் நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போய், மேடு முடிந்து சமதளம் வந்த பிறகுதான் நின்றார். பெட்டி அங்கே தோள் மாறியது.

“நான் அங்கே சொல்லலியே,” என்றார் மாஸ்டர். நாலு அடி நடந்தார். “ரோட்டைப் பார்த்து மூச்சு எடுக்கறான் மிஸ். மேட்டுல தோள் மாத்தினா சாஞ்சிடும்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு.” அவர் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமா, வேறெதாவதா என்று நான் கேட்கவில்லை.

அந்த மேடு ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. நின்றார். ஊர்வலம் எங்களைத் தாண்டிப் போயிற்று. நாங்கள் பின்தங்கிவிட்டதை எப்படித்தான் உணர்ந்தாரோ, ஏகாம்பரம் வாசித்தபடியே திரும்பிப் பார்த்தார். நடை தளர்ந்தது. பின்னால் பெட்டியும் தளர்ந்தது.

மாஸ்டர் கையை உயர்த்தி, போ, போ என்று வேகமாக வீசினார். ஏகாம்பரம் ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பழைய நடை வந்துவிட்டது.

ஒரு மரத்தில் கை ஊன்றி நின்றபடி, சத்தம் வளைவில் மறையும்வரை மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ரிக்‌ஷா பிடித்துப் பின்னாலேயே போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“என்னைப் பார்த்தா மறுபடி நிப்பான் மிஸ். நின்னா, தூக்கறவங்களுக்குத் தோள் வலிக்கும்.”